பழைய, சிறிய கப்பலில் சேர்ந்து போவது

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டுக் குழு எங்கள் வகுப்பினரிடம் கேட்டது சின்ன விடயம்தான். "நீங்கள் ஒன்றாகக் கப்பலில் போய் வந்தனீங்கள். சங்கம் அப்படி ஒரு பயணம் ஒழுங்கு செய்தால் என்னத்தை எதிர்பார்க்கலாம் என்று வந்து சொல்லுங்கோ" என்றார்கள். இரண்டு கோடைகளுக்கு முன் எங்கள் வகுப்பில் ஒன்பது பேர் இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றில் ஏறி, நோர்வேயின் மேற்குக் கரைக்கு எட்டு இரவுப் பயணம் போய் வந்தோம். கப்பலுக்கு வயது முப்பதுக்கு மேல். இந்தக் காலத்துக் கப்பல்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் மிகச் சிறியது. ஒன்பது பேரில் மூவர் வைத்தியர்கள். ஆகவே இந்தப் பேச்சில் இயற்கைக் காட்சி குறைவாகவும் குளிசை அதிகமாகவும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். படம் பார்க்கலாம் என்று முன்வரிசையில் வந்து இருக்கும் அக்காமாருக்கு, படங்கள் தேநீர் நேரத்தில் காட்டப்படும்.

கப்பல் என்ற சொல் இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. 1950களில் கொழும்பில் ஏறி, சூயஸ் கால்வாயைத் தாண்டி, லண்டனுக்குப் பக்கத்தில் ரில்பரியில் இறங்கிய அக்காமார் ஒரு சிலர் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு அது படிக்கப்போன பயணம். எங்கள் வயதுக்காரருக்கோ கப்பல் என்றால் திருகோணமலைக் கப்பல். 1990களின் பிற்பகுதியில் தரைப்பாதை மூடிக் கிடந்தபோது, பல்கலைக்கழகத்துக்கோ கொழும்பு வைத்தியசாலைக்கோ வெளிநாட்டுக்கோ போவதற்குப் பலருக்கு இருந்த வழி காங்கேசன்துறையில் ஏறித் திருகோணமலையில் இறங்குவதுதான். பொதியைப் பிரித்துக் காட்டி, பெயர் கூப்பிடும்வரை வெயிலில் நின்று, இருக்க இடம் பிடித்து, இரவு முழுக்கச் சத்தி எடுக்கும் பிள்ளைகளுக்குப் பொலித்தீன் பை பிடித்தவர்கள் நாங்கள்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், உல்லாசக் கப்பலில் ஏறியவுடன் முதலில் நடப்பது பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல். உங்கள் அறை இலக்கத்துக்கு உரிய இடத்துக்குப் போகவேண்டும். அங்கே பெயரையோ இலக்கத்தையோ சரிபார்ப்பார்கள். உயிர்காப்பு அங்கி அணியக் காட்டுவார்கள். புதிய பெரிய கப்பல்கள் பலவற்றில் இதன் பெரும்பகுதியைக் கைத்தொலைபேசியில் பார்த்து முடித்துவிடலாம். பழைய கப்பலில் எல்லோரும் வந்து வரிசையில் நிற்கவேண்டி இருக்கும். சைரன், வரிசை, பெயர், அங்கி. எங்களில் ஒருத்திக்கு அந்த இடத்திலேயே கை நடுங்கத் தொடங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் கையைப் பிடித்துக்கொண்டோம். அரை மணித்தியாலத்தில் சரியாகிவிட்டது. ஆனால் இது வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் நடுக்கம் பாதியாகக் குறையும். ஆகவே இப்போதே சொல்லிவைக்கிறோம். கடல் வேண்டாம் என்று சொல்லும் தோழியை யாரும் வற்புறுத்தி ஏற்றவும் வேண்டாம். அவளுக்கு ஒரு காரணம் இருக்கும். அதை அவள் விளக்கவேண்டிய தேவையும் இல்லை.

இந்தப் பயிற்சியை அலுப்பென்று தவறவிடக்கூடாது. 2012 ஜனவரி 13ஆம் திகதி இத்தாலிக் கரையில் பாறையில் மோதிச் சரிந்த கொஸ்ரா கொன்கோர்டியா கப்பலில் 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. அப்போதைய விதி ஏறி 24 மணித்தியாலத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது. அதற்குப் பிறகுதான் கப்பல் வெளிக்கிடுமுன், அல்லது வெளிக்கிட்ட கையோடு நடத்தவேண்டும் என்று சர்வதேச விதி மாறியது.

சரி, பழையது, சிறியது என்றால் எவ்வளவு? கப்பலின் பருமனைத் தொன்னில் சொல்வார்கள். அது நிறை அல்ல, உள்ளே அடைபட்ட இடத்தின் அளவு. 2024இல் ஓடத் தொடங்கிய ஐகொன் ஒஃப் த சீஸ் கிட்டத்தட்ட 2,48,000 தொன்; நீளம் 365 மீற்றர்; நிரம்பினால் 7,000க்கு மேற்பட்ட பயணிகள். பிரித்தானியாவில் இருக்கும் எங்களில் பலர் கேள்விப்பட்ட பல்மோரல் 1988இல் ஜேர்மனியின் பாப்பன்பேர்க் தளத்தில் கட்டப்பட்டது. பிறகு நடுவில் வெட்டி, 30 மீற்றர் துண்டு ஒன்றைச் செருகி நீட்டினார்கள். அப்படி நீட்டியும் 43,000 தொன் சொச்சம்தான். எங்கள் ஊருக்கே வந்த கப்பல் ஒன்றையும் சொல்லவேண்டும். 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்த எம்பிரஸ் 1990இல் பிரான்சில் நோர்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் கட்டப்பட்டது. அது ஏறக்குறைய 48,000 தொன். கட்டியபோது புதுமையாகப் பேசப்பட்ட கப்பல், இன்று பழையதும் சிறியதும் என்ற வரிசையில் நிற்கிறது. எங்கள் வகுப்புக்காரரின் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

"பழைய கப்பல் என்றால் ஆபத்தில்லையா பிள்ளை?" என்று எங்கள் அம்மாமார் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1952இல் கட்டிய ஓஷியானோஸ் 1991இல் தென்னாபிரிக்கக் கரைக்கு அப்பால் மூழ்கியது. ஏறியிருந்த 571 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். மாலுமிகள் பலர் முந்திப் போய்விட, கப்பலில் பாட்டுப் பாட வந்த கலைஞர்கள் நின்று பயணிகளை ஏற்றிவிட்டார்கள். அந்தக் கப்பலைத் தாழ்த்தியதில் வயதுக்குப் பங்கு இருந்தாலும், திருத்தாமல் விட்ட குழாய்களுக்கும் தடுப்புச் சுவரில் விட்டுவைத்த ஓட்டைக்கும் பங்கு அதிகம். மறுபக்கம், 2017இல் வெளிவந்த வைக்கிங் ஸ்கை இரண்டு வயதில், 2019 மார்ச்சில், நோர்வேயின் ஹுஸ்ராட்விக்கா கடலில் புயலுக்குள் இயந்திரம் நின்று தத்தளித்தது. இயந்திரங்களின் மசகெண்ணெய் மட்டம் குறைந்திருந்தது. நானூறுக்கும் மேற்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் தூக்கி ஹெலிகொப்டரில் ஏற்றினார்கள். ஆகவே கப்பல் பிறந்த ஆண்டை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. கடைசியாக எப்போது உலர்தளத்தில் ஏற்றித் திருத்தினார்கள், துறைமுகப் பரிசோதகர்கள் என்ன குறை கண்டார்கள் என்பதைப் பார்க்கவேண்டும். ஐரோப்பியத் துறைமுகங்களில் நடக்கும் பரிசோதனைகளின் முடிவுகளை எவரும் பார்க்கலாம். பயண முகவரிடம் கேட்கக் கூச்சப்படவேண்டாம். 2010 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்த தீப்பாதுகாப்பு விதியால், எரியக்கூடிய மரவேலைகள் நிறைந்த மிகப் பழைய கப்பல்கள் பல விலகிவிட்டன. அழகான தேக்குமரப் படிகள் அவற்றோடு போனது வருத்தம்தான். ஆனால் தீ விடயத்தில் நாங்கள் விதியின் பக்கம்.

இனி உள்ளே போவோம். அறை சின்னது. இரண்டு கட்டில், நடுவில் ஒருவர் நிற்க இடம், ஒருவர் உடுத்தும்வரை மற்றவர் கட்டிலில் கால் மடக்கி இருக்கவேண்டும். கல்லூரி விடுதியில் இருந்தவர்களுக்குப் பழகிய விடயம். பல்கனி அநேகமாக இல்லை. வட்டக் கண்ணாடி அல்லது சின்ன யன்னல். கீழ்த்தட்டில் என்றால் கடல் கொந்தளிக்கும்போது அதையும் இரும்பு மூடியால் மூடிவிடுவார்கள். சுவர் மெல்லியது. பக்கத்து அறையில் யார் குறட்டை விடுகிறார் என்பது இரண்டாம் இரவே தெரிந்துவிடும், பெயர் சொல்லமாட்டோம்.

குளியலறை வாசலைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். தண்ணீர் வெளியே வராமல் இருக்க அங்கே ஒரு படி உயரத்துக்கு வரம்பு கட்டியிருக்கும். எங்கள் கப்பலில் அது கணுக்காலுக்கு மேல் இருந்தது. வெளித்தளத்துக்குப் போகும் இரும்புக் கதவுகளிலும் அப்படியே. நித்திரைக் கலக்கத்தில், கப்பல் ஆடும்போது, இரவு மூன்று மணிக்குக் கழிப்பறைக்கு எழும்பும் எழுபது வயது அக்காவை நினைத்துப் பாருங்கள். எங்களோடு வந்த ஒருத்தி, நாற்பத்தாறு வயது, ஆரோக்கியமானவள், மூன்றாம் இரவு அந்த வரம்பில் தடக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாதவிடாய் நின்ற பிறகு எங்கள் எலும்பு வேகமாகத் தேய்கிறது. விழுந்தால் இளமையில் நோவோடு போவது இப்போது முறிவாக முடியும். செய்யக்கூடியவை எளியவை. ஒரு சின்ன இரவு விளக்கு, பின்பக்கம் மூடிய ரப்பர் அடிச் செருப்பு, வரம்பில் ஒட்ட ஒரு வெள்ளை ரேப், எழும்பினால் ஒரு நிமிடம் கட்டிலில் இருந்துவிட்டு நடப்பது. ஒரு கை எப்போதும் கைபிடிக்கம்பியில் இருக்கவேண்டும். சேலைக்காரர் கவனிக்க: படிகள் செங்குத்தானவை, கொசுவம் காலில் மாட்டும். நடக்கும் நேரத்தில் சுரிதாரும், இரவுச் சாப்பாட்டுக்குச் சேலையும் என்று எங்களுக்குள் முடிவெடுத்துக்கொண்டோம்.

சேலை என்றவுடன் அயன் பண்ணும் பிரச்சினை. அறைக்குள் அயனும் நீட்டிப்பு வயரும் கொண்டுபோக விடமாட்டார்கள், தீப் பயம். ஏறும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். பொது அயன் அறை உண்டா என்று முன்கூட்டிக் கேளுங்கள். இல்லையென்றால் கசங்காத துணி. சுவரில் மின்செருகி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். இரவில் மூச்சுக்கருவி பாவிப்பவர்கள் இதை முகவருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும்.

கடல்நோய். வடகடலில் இரண்டாம் நாள் எங்களில் ஐந்து பேர் படுக்கையில். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உடல் ஆடுகிறது என்கிறது. சின்ன அறையின் அசையாத சுவரைப் பார்க்கும் கண் ஆடவில்லை என்கிறது. மூளைக்கு எதை நம்புவதென்று தெரியாமல் வயிறு புரட்டுகிறது. ஆகவே வெளியே வந்து தொடுவானத்தைப் பார்ப்பது உண்மையிலேயே உதவும். கப்பலின் பக்கங்களில் நீருக்குள் நீட்டும் துடுப்புப் போன்ற செட்டைகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும். முன்னும் பின்னும் எழுந்து விழும் ஆட்டத்தை அவை நிறுத்தாது. சின்னக் கப்பல் அலையைக் கூடுதலாக உணரும். அறை எடுக்கும்போது நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் எடுங்கள். ஊஞ்சலின் நுனியில் இருப்பவரும் நடுவில் இருப்பவரும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. பணம் கூடக் கொடுத்து மேல்தட்டின் முன்பக்க அறை எடுத்தவர்கள்தான் எங்களில் அதிகம் வருந்தியவர்கள்.

சின்னரிசின் போன்ற குளிசைகளை வாந்தி தொடங்குமுன் எடுக்கவேண்டும். தொடங்கிய பின் அது வயிற்றில் தங்காது. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஹையோசின் ஒட்டு மூன்று நாள் வேலை செய்யும், ஆனால் ஐந்தாறு மணித்தியாலம் முந்தியே ஒட்டவேண்டும். குளுக்கோமா உள்ளவர்களுக்கு அது கூடாது. வயதானவர்களுக்கு மனக்குழப்பம் வரலாம். எழுபதைத் தாண்டியவர்களுக்கு நாங்கள் அதைச் சிபாரிசு செய்வதில்லை. இஞ்சி சிலருக்கு உதவும், எவருக்கும் பெரிய கெடுதல் செய்யாது. வெறும் வயிறாக இருப்பது நல்லதென்று எங்கள் ஆட்கள் நினைப்பது தவறு. பிஸ்கற், பாண் போல உலர்ந்த ஏதாவது கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

சத்தியும் வயிற்றோட்டமும் வந்தால் சீனி வருத்தக்காரர் தனியாகக் கவனிக்கவேண்டும். எங்கள் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு என்று இந்த மண்டபத்தில் தேநீருக்குச் சீனி வேண்டாம் என்று சொல்லும் கைகளை எண்ணினாலே போதும். உடலில் நீர் வற்றும் நேரத்தில் மெற்போமின், டாபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின், நீர்ப்போக்கும் குளிசைகள், சில பிரஷர் குளிசைகள் ஆபத்தாகலாம். எதை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை வெளிக்கிடுமுன் உங்கள் வைத்தியரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இன்சுலினைத் தன்னிச்சையாக நிறுத்தவே கூடாது. இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பாமல் கைப்பையில் வையுங்கள். அறைக் குளிர்ப்பெட்டியை நம்பவேண்டாம். பழைய கப்பலில் ஒன்று குளிராது, அல்லது உறைய வைத்துவிடும். மருத்துவ நிலையத்தில் கொடுத்து வைக்கலாம்.

கப்பலில் பலரைப் படுக்கவைப்பது நொரோவைரஸ். எண்ணூறு பேர் ஒரே கரண்டியைத் தொடும் இடத்தில் அது பரவ வேறு உதவி தேவையில்லை. வாசலில் கைக்குத் தெளிக்கும் அல்கஹோல் அதைச் சரியாகக் கொல்லாது. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான். வருத்தம் வந்தால் மறைக்காமல் அறிவித்து, நின்று 48 மணித்தியாலம் வரை அறைக்குள் இருக்கவேண்டும். உல்லாசத்துக்குக் காசு கட்டிவிட்டு அறைக்குள் அடைபடுவது கசப்புத்தான். ஆனால் எங்கள் கூட்டத்தில் எண்பது வயது ரீச்சர்மார் இருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது காப்புறுதி. இந்தப் பேச்சில் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு மற்ற நேரம் கதைத்துக்கொண்டு இருப்பதென்றால் இதைக் கேளுங்கள்.

எங்களில் ஒருத்தி, அவளின் அனுமதியோடுதான் சொல்கிறோம், மூன்று வருடங்களுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ற் வைத்தவள். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லவில்லை. சொன்னால் கட்டணம் கூடும். அதைவிடப் பெரிய காரணம், வகுப்பில் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள் தான் நோயாளி என்று சொல்ல விரும்பவில்லை. அடுத்த துறைமுகம் பதினெட்டு மணித்தியாலத் தூரத்தில் இருக்கும்போது இரவு நெஞ்சு இறுக்கம் வந்தது. கப்பலில் இருந்தது ஒரு வைத்தியர், இரண்டு தாதியர், ஈசிஜி, சில இரத்தப் பரிசோதனைகள், ஒட்சிசன். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து இருந்தது. குழாய் விட்டு அடைப்பை எடுக்கும் வசதி எந்தக் கப்பலிலும் இல்லை. அந்தக் கப்பல் வைத்தியர் முதலில் கேட்டது, "என்ன மருந்து எடுக்கிறீர்கள்?" அவள் எங்களைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். அந்த ஒரு பதிலில்தான் அவருடைய முடிவுகள் எல்லாம் தங்கியிருந்தன. விடியும்வரை நாங்கள் மூவரும் மாறி மாறி இருந்தோம். மாரடைப்பு இல்லை என்று தெரிந்தது. அடுத்த துறைமுகத்தில் இறக்கி வைத்தியசாலையில் ஒரு நாள் வைத்திருந்தார்கள். கப்பல் மருத்துவ நிலையத்தின் பில் மட்டும் எங்கள் ஒருவரின் பயணக் கட்டணத்தில் பாதிக்கு மேல் வந்தது. காப்புறுதி ஒரு சதமும் தரவில்லை. ஹெலிகொப்டர் வந்திருந்தால் கணக்கு எங்கே போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்க அவளுக்கு இன்னும் மனமில்லை.

கப்பலின் மருத்துவ நிலையம் தனியார் மருத்துவம். ஐரோப்பாவின் அரச வைத்தியசாலைகளில் உதவும் பிரித்தானியச் சுகாதார அட்டை அங்கே உதவாது. சாதாரணப் பயணக் காப்புறுதியும் போதாது. கப்பல் பயணத்துக்கென்று சேர்த்து எடுக்கவேண்டும், கடலிலிருந்து தூக்கிச் செல்வதும் வீடு கொண்டுவந்து சேர்ப்பதும் அதில் இருக்கவேண்டும். பிரஷர், சீனி, மனச்சோர்வுக்கு எடுக்கும் குளிசை, நெஞ்சுக்காகச் செய்த ஒரு பரிசோதனை, முடிவு வராத ஸ்கான், எல்லாவற்றையும் எழுதுங்கள். டயலிசிஸ் செய்பவர்களுக்குப் பழைய சிறிய கப்பல் பொருந்தாது. அதற்கென்று தனி ஒழுங்கு செய்யும் பெரிய கப்பல் பயணங்கள் உண்டு. உணவு பற்றிச் சுருக்கமாக: மரக்கறிக்காரரும் விரதக்காரரும் ஆறு கிழமைக்கு முன் அறிவித்தால் சின்னச் சமையலறை ஆச்சரியமாக ஒத்துழைக்கும். எங்கள் கப்பலின் சமையல்காரர் கேரளக்காரர். நான்காம் நாள் பருப்பு வந்தது. எங்கள் மேசையில் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. மிளகாய்த்தூள் போத்தலை யார் கொண்டுவந்தது என்பது வேறு கதை.

இவ்வளவு குறையும் சொல்லிவிட்டு ஏன் அந்தக் கப்பலையே சிபாரிசு செய்கிறீர்கள் என்று கேட்பீர்கள். பெரிய கப்பல் போகாத இடத்துக்குச் சின்னது போகும். கிறீஸின் கொரிந்துக் கால்வாய் சுமார் 24 மீற்றர் அகலம். 2019 ஒக்ரோபரில் 22.5 மீற்றர் அகலமான பிரேமர் அதற்குள் இழுபட்டுப் போனது. வெனிஸ் நகரின் நடு நீர்வழியில் 2021 ஆகஸ்ட் முதல் 25,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இடமில்லை. சின்ன ஊர்களின் துறைமுகத்தில் கட்டினால் இறங்கி ஐந்து நிமிட நடையில் கடைத்தெரு. ஆனால் நங்கூரமிட்டு நிற்கும் இடங்களில் சிறு படகுக்கு மாறவேண்டும்; அலையில் எழுந்து தாழும் படகுக்குள் கால் வைக்க இரு முழங்கால்களும் ஒத்துழைக்கவேண்டும். சக்கரநாற்காலியை அநேகமாக ஏற்றமாட்டார்கள். அந்த நாட்களில் கப்பலிலேயே இருப்பவரோடு ஒருவர் இருப்பது என்று முறை போட்டுக்கொண்டோம். உண்மையில் அந்த முறைக்குப் போட்டி வந்தது. ஆளில்லாத மேல்தளத்தில், போர்வையைப் போர்த்திக்கொண்டு, மலைகளுக்கு நடுவில் இருந்து இருபத்தைந்து வருடக் கதையைக் கதைக்க வேறு எங்கே இடம் கிடைக்கும்?

சின்னக் கப்பலில் ஒருவரை ஒருவர் தேடத் தேவையில்லை. பெரிய கப்பலில் போன இன்னொரு குழுவினர் சாப்பாட்டு மேசையில் மட்டும் சந்தித்ததாகச் சொன்னார்கள். எங்களுக்கு எங்கே திரும்பினாலும் எங்கள் ஆட்கள். தனியாக வருபவர்களுக்கும் இது நல்லது. எங்கள் சங்கத்தில் கணவரை இழந்த அக்காமாரும் தனித்து வாழ்பவர்களும் நிறையப் பேர். இருவர் அறையில் தனியாக இருந்தால் ஏறக்குறைய இரண்டு பேர் காசு கேட்கும் நிறுவனங்கள் பல. பல்மோரல் போன்ற கப்பல்களில் ஒருவருக்கென்றே கட்டிய அறைகள் உண்டு; அவை முதலில் முடிந்துவிடும். ஆகவே குழு அந்த அறைகளையே முதலில் பிடித்து வைக்கவேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

இன்னொரு கோரிக்கை. எங்கள் பயணத்துக்குப் பத்தாவதாக வரவேண்டியவள் யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. இலங்கைப் பாஸ்போட்டில் வருபவருக்கு இங்கிலாந்தில் ஏற ஒரு விசா, நோர்வேயில் இறங்க செங்கன் விசா. ஒன்று வந்தது, மற்றது கப்பல் வெளிக்கிட்டு ஆறு நாளுக்குப் பின் வந்தது. கட்டிய காசின் பெரும்பகுதி போனது. நாங்கள் மலைகளின் படத்தை அனுப்ப, அவள் கல்லூரி மண்டபத்துக்குப் புதிதாக வர்ணம் பூசிய படத்தை அனுப்பினாள். நூற்றாண்டுப் பயணத்தை நாங்கள் மறுபடியும் இங்கிலாந்திலிருந்து ஒழுங்கு செய்தால் இதேதான் நடக்கும், ஒருத்திக்கல்ல, பலருக்கு. கல்லூரிக்குப் பக்கத்திலேயே இருந்து அதைக் காத்தவர்கள் ஏற முடியாத கப்பலுக்கு எங்கள் சங்கத்தின் பெயரை வைப்பது சரியில்லை. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வெளிக்கிடும் ஒரு பயணத்தைக் குழு பார்க்கவேண்டும். வெளிநாட்டில் இருக்கும் எங்களுக்கு விமானச் செலவு கூடும், வெயிலும் கூடும். பருவமழைக் காலங்களைத் தவிர்த்தால் கடலும் அவ்வளவு கொந்தளிக்காது. அவர்களுக்கு இந்திய விசாவோடு முடியும், அல்லது அதுவும் வேண்டியிராது. கட்டணத்தில் ஒரு பங்கை வெளிநாட்டுக் கிளைகள் பொறுத்தால் இன்னும் பலர் வரலாம்.

குழுவிடம் ஒரு படிவம் கொடுத்திருக்கிறோம். அதில் நான்கு கேள்விகள்: எத்தனை படி ஏறுவீர்கள், இரவில் எத்தனை தரம் எழும்புவீர்கள், என்ன குளிசை எடுக்கிறீர்கள், எந்த நாட்டுப் பாஸ்போட். பெயர் எழுதத் தேவையில்லை. அப்படியும் பதில்களை எங்கள் வகுப்பின் மூன்று வைத்தியர்களைத் தவிர வேறு எவரும் பார்க்கமாட்டார்கள். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எத்தனை கீழ்த்தட்டு அறை என்பதை அந்தப் பதில்களைப் பார்த்த பிறகு முடிவெடுப்போம். படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. கண்ணாடி கொண்டுவராத அக்காமாருக்கு வாசித்து நிரப்பிக் கொடுக்கத் தங்கைமார் இருவர் அங்கே நிற்கிறார்கள்.